கோடு விழுந்த அடுக்கு

சாணைக்கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சாணையக்கா பிளேடைக் கல்லுக்குக் கொடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். அதே வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்தாள். நடுவில் கை நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடம் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த எஃகு பார்க்கக் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் பத்துப் பலகை இழைப்பதற்குள் பல்லை இளித்துவிடும். கல்லை நிறுத்திவிட்டு, பிளேடின் முனையைக் கட்டை விரல் நகத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். வழுக்கினால் மொட்டை, கடித்தால் கூர். கடித்தது. மூன்று பிளேடுகளையும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால் இழைப்பு மெஷின் பேய் பிடித்த மாதிரி ஆடும். மூன்றும் ஒரே எடை.

மேசைப் பலகை செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவள் கூட்டிப் பெருக்க வந்தவள். பழைய சாணைக்காரர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனார். "ரெண்டு நாளைக்குப் பாத்துக்கம்மா," என்று அவளை உள்ளே அனுப்பினார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. பதினான்கு வருடம் ஆகிறது. கட்டில் போட்டால் கால் நீட்ட முடியாத அறைதான். ஆனால் ஒரு ஜன்னல் உண்டு, ஒரு ஸ்டூல் உண்டு, கதவைச் சாத்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வீட்டில் அவளுக்கென்று அப்படி ஓர் இடம் கிடையாது. அந்த அறையின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். கையில் ஒரு நீளப் பெட்டி.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்க."

பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பிளேடுகள். அவளுடைய பிளேடில் பாதிக் கனம்கூட இல்லை, பென்சில் சீவும் பிளேடுக்கு அண்ணன் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் கூர் இருந்தது.

"ஒரு பக்கம் மழுங்குனா திருப்பிப் போடணும். அந்தப் பக்கமும் மழுங்குனா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும். அஞ்சு நிமிஷம். நம்ம பிளேட மாட்டி மட்டம் பாக்க முக்கா மணி நேரம் மெஷின் சும்மா நிக்குதே," என்றார் மேனேஜர்.

"அப்ப சாணை?"

"சாணை வேண்டியிருக்காதுக்கா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாசக் கடைசியோட இந்த அறைய ஸ்டோருக்கு எடுத்துக்கச் சொல்லிட்டார் முதலாளி. உங்களுக்கு வேற எடம் எதுவும் காலியில்ல."

நாற்பத்தாறு வயதில், சாணை பிடிக்கத் தெரியும் என்று சொல்லி எந்தக் கதவைத் தட்டுவது? வெளியே காட்டிக்கொள்ளாமல் புது பிளேடை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாகவே கடித்தது. பாவி, நல்ல பிளேடுதான்.

"ஓட்டிப் பாத்தீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"பெட்டியப் பாத்தே பொண்ணு பிடிச்சுப் போச்சா? அது ஒரு நாள் ஓடட்டும், என்னோடது ஒரு நாள் ஓடட்டும். எது பலகைய நல்லா இழைக்குதுன்னு பாத்துட்டு என்னை அனுப்புங்க."

மேனேஜர் கெட்டவர் இல்லை. எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். கண்ணால் பார்த்ததைக்கூடக் காகிதத்தில் எழுதிய பிறகுதான் நம்புவார். இது ஒரு பரிட்சை என்று புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

நிபந்தனைகள் அன்று மாலையே தயாராகிவிட்டன. திங்கட்கிழமை புது பிளேடில் நூற்றிருபது பலகை. செவ்வாய்க்கிழமை சாணை பிளேடில் நூற்றிருபது பலகை. இரண்டு அடுக்குகளில் எது எந்த பிளேடு என்பது பலகைக்கு அடியில் சாக்பீஸ் குறியாக மட்டும் இருக்கும். புதன்கிழமை காலை, பலகைக்கு உப்புத்தாள் போடும் தேய்ப்புப் பகுதிப் பெண்கள் பன்னிரண்டு பேரும் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பலகையின் யோக்கியதை அவர்கள் கைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சாணையக்கா வாய் திறந்தால் பரிட்சை ரத்து.

இழைப்பு மெஷினை ஓட்டுபவன் அவளுடைய கொழுந்தன். அவனை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ரெண்டு நாளும் என்ன நடந்தாலும் யார்கிட்டயும் எதையும் சொல்லக் கூடாது," என்று கண்டிப்பாகச் சொன்னார். கொழுந்தன் சொன்ன சொல்லைத் தட்டாதவன். அதுவே சில நேரம் ஆபத்து.

அவனுடைய மனைவி, அதாவது சாணையக்காவின் ஓரகத்தி, தேய்ப்புப் பகுதியில்தான் வேலை பார்த்தாள். இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சொத்துச் சண்டை இல்லை, மாமியார் சண்டை இல்லை. ஓரகத்தி ஒரு நாள் வீட்டுக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள். சாணையக்கா ஆசையாக, இழைப்பு பிளேடுக்கு வைக்கும் கூரையே அதற்கும் வைத்துக் கொடுத்தாள். அன்று மாலை வெங்காயத்தோடு சேர்ந்து விரலும் போயிற்று, நான்கு தையல். "வேணும்னே செஞ்சா," என்றாள் ஓரகத்தி. "கூர் வைக்காம அனுப்புனா சாணைன்னு எதுக்கு இருக்கேன்?" என்றாள் இவள். அத்தோடு சரி. ஒரே தண்ணீர்க் குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

சாணையக்காவுக்கு ஒரு ரகசியம் இருந்தது. போன மாதம் ஒரு பலகைக்குள் ஒளிந்திருந்த ஆணி மெஷினுக்குள் போய், மூன்று பிளேடிலும் ஒரே இடத்தில் கடுகளவு சில்லைப் பெயர்த்துவிட்டது. சில்லு பெயர்ந்த இடம் மரத்தை வெட்டாது. பலகையின் நீளத்துக்கும் மயிரிழை போல ஒரு மேட்டுக் கோடு நிற்கும். ஒரேயடியாகத் தேய்த்தால் பிளேடின் ஆயுளில் பாதி போய்விடும் என்று அவள் அதைத் தவணை முறையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதனால் ஒரு மாதமாக எல்லாப் பலகையிலும் இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு மெல்லிய கோடு வந்தது. தேய்ப்புப் பெண்கள் அதை 'அக்கா கோடு' என்று கேலி செய்து, உப்புத்தாளால் தேய்த்து அழித்தார்கள்.

இப்போது ஆயுளைப் பார்த்தால் முடியுமா? செவ்வாய்க்கிழமைக்கு முன்பே அந்தச் சில்லு சுவடு தெரியாமல் போகும் வரை தேய்த்து, மெழுகு மாதிரி கூர் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தீர்ப்பன்று எல்லாரும் கோட்டைத் தேடி ஏமாந்து, "ஐயோ, இது அக்கா பிளேடா?" என்று வாயைப் பிளக்க வேண்டும் என்று ஒரு சின்ன ஜம்பம். அந்த ஜம்பம்தான் வினையாக வந்து வாய்த்தது.

புதன்கிழமை காலை இரண்டு தள்ளுவண்டிகளில் இரண்டு அடுக்குகள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு காகிதம், ஒரு பேனா. காகிதத்தில் மேனேஜர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'இந்த அடுக்கின் பலகைகள் வழுவழுப்பாக உள்ளன. கோடு, பிசிறு எதுவும் இல்லை.' எந்த அடுக்கு நல்லது என்று தோன்றுகிறதோ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கொழுந்தன் கண் ஜாடை காட்டிவிடக் கூடாது என்று அவனைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார் மேனேஜர். அறைக்குக் கண்ணாடிச் சுவர் என்பது அவருக்கு நினைவில்லை.

சாணையக்கா கையைக் கட்டிக்கொண்டு மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் ரேடியோ. பிறந்ததிலிருந்து வாய் மூடாததால் வந்த பெயர். இன்று வாயை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் கல்யாணப் பெண் போல வைத்துக்கொண்டு வந்தாள். முதல் அடுக்கைத் தடவினாள். இரண்டாவது அடுக்கைத் தடவினாள். திரும்பி முதல் அடுக்குக்கே போய், இடது ஓரத்தில் நான்கு விரல் அளந்து பார்த்து, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். போகிற போக்கில் சாணையக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அடுத்தவளும் முதல் அடுக்கு. அதற்கு அடுத்தவளும் முதல் அடுக்கு. சாணையக்காவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. என் கூர் அப்படிப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது பெண் பலகையைச் சரியாகத் தடவக்கூட இல்லை. தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் எதையோ தேடினாள். கிடைத்ததும் முகம் பளிச்சென்று ஆயிற்று. பின்னால் நின்றவளுக்குக் காற்றில் ஒரு விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

கோடா? அவள் பலகையில் ஏது கோடு?

கோடு முதல் அடுக்கில் இருக்கிறது என்றால் முதல் அடுக்கு அவளுடையது இல்லை. இரண்டாவதுதான் அவளுடையது. இந்தப் பாவிகள் கோட்டை அடையாளம் வைத்துக்கொண்டு, அக்காவைக் காப்பாற்றுகிறோம் என்று புது பிளேடுக்குக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுகிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துகொண்டிருந்தது, அவள் கண் முன்னால். வாய் திறந்தால் பரிட்சை ரத்து. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் கொழுந்தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினான். மேனேஜர் பார்த்துவிட்டு, "உள்ள ஈ அதிகம்," என்றார். பெண்கள் அவன் தங்களுக்கு உற்சாகம் கொடுக்கிறான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து முட்டினான்.

கடைசியாக வந்தவள் ஓரகத்தி. மற்றவர்களுக்கெல்லாம் கோட்டு ரகசியத்தை முன்கூட்டியே ஓதிய ரேடியோ இவளிடம் மட்டும் ஓதவில்லை. பேச்சு வார்த்தை இல்லாதவளிடம் சொன்னால் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று பயம். ஓரகத்தி விரலால் தடவவில்லை. தையல் போட்ட விரலில் அவளுக்கு உணர்ச்சி மட்டு. அதனால் மணிக்கட்டின் உட்பக்கத்தை வைத்து இரண்டு அடுக்கிலும் நிதானமாக இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது அடுக்கில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு அந்தக் காகிதத்தில், தனியாக, கையெழுத்துப் போட்டாள். பதினோரு பேரும் அவளை முறைத்தார்கள்.

மேனேஜர் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பலகையை உருவித் திருப்பினார். "முதல் அடுக்கு புது பிளேடு. பதினோரு ஓட்டு. ரெண்டாவது சாணை. ஒரு ஓட்டு."

ரேடியோவின் வாய் திறந்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. அவள் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க ஆளுங்களே சொல்லிட்டாங்க," என்றார் மேனேஜர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

கேட்டவள் ஓரகத்தி. மேனேஜர் திரும்பினார்.

"நான் எதுக்குத் தொடணும்? டேப் வச்சுக் கனம் அளந்து பாத்தேன். ரெண்டும் ஒரே கனம்."

"கனம் டேப்புக்குத் தெரியும். வழவழப்பு கைக்குத்தான் தெரியும். தொடுங்க." அவள் சாணையக்காவின் பக்கம் திரும்பாமல் மேனேஜரைப் பார்த்தே பேசினாள். "அவளுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன் சார். ரெண்டாவது அடுக்கு புது பிளேடுன்னுதான் நெனச்சேன். சரி, இவ ஒழிஞ்சான்னுதான் கையெழுத்துப் போட்டேன். ஆனா கை பொய் சொல்லாதில்ல. அதுதான் நல்ல பலகை."

மேனேஜர் கைக் கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டுத் தொட்டார். இரண்டாவது அடுக்கைத் தடவினார். முதல் அடுக்கைத் தடவினார். நடுவிரல் ஓர் இடத்தில் தட்டுப்பட்டு நின்றது. பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடு. அடுத்த பலகை, அதற்கடுத்த பலகை, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு. ஓடிப்போய் அறையைத் திறந்தார்.

"மொதப் பலகை முனையிலயே ஒரு சின்னக் கல்லு ஒட்டிட்டு இருந்துருக்கு சார். உள்ள போயி மூணு பிளேடுலயும், பழைய கோட்டுக்கு நேராவே, சில்லு பேந்துருச்சு," என்று கொழுந்தன் ஒரே மூச்சில் கொட்டினான். "நம்ம பிளேடா இருந்தா கழட்டி அண்ணிகிட்ட தேய்க்கக் குடுத்திருப்பேன். இது தூக்கிப் போடுற பிளேடாச்சே, எப்படிக் குடுக்குறது?"

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல? திருப்பிப் போடச் சொல்லியிருப்பேனே."

"யார்கிட்டயும் எதையும் சொல்லக் கூடாதுன்னீங்களே சார்."

மேனேஜர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய கோடு கெடக்கு. பதினோரு பேரும் எப்படிக் கோடு இல்லன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"அக்கா பலகைன்னு நெனச்சோம் சார்," என்றாள் ரேடியோ.

"கோடு இருந்தா அக்கா பலகையா?"

"போன மாசம் பூரா அப்படித்தான சார் இருந்துச்சு."

முதலில் சிரித்தது சாணையக்காதான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் லட்சணத்த எவ்வளவு நல்லா தெரிஞ்சு வச்சிருக்கீங்கடி. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும், குழி தோண்டவே ஆள் வைக்க வேணாம்." அப்புறம் எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. ரேடியோ தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மேனேஜர்கூட முகத்தை டேப்பால் மறைத்துக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "சில்லு பேந்த அந்தப் புது பிளேட என்ன பண்ணப் போறீங்க சார்?"

"இனி ஒரு பக்கம்தான் இருக்கு, அதுவும் மழுங்குனா தூக்கித்தான் போடணும். மூணு நாள்கூட ஆகல."

"குடுங்க இங்க."

அவள் அறைக்குப் போனாள். பிளேடு மெலிசு, கல்லில் நேராகக் கொடுத்தால் வளையும். வேலைக்கு ஆகாமல் கிடந்த இரண்டு பழைய பிளேடுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, முனை மட்டும் மயிரிழை வெளியே தெரியும்படி கொடுத்தாள். நின்றுவிடாமல் இழுத்தாள், திருப்பினாள். கதவருகே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரத்தில் மூன்றையும் முடித்து, நிறுத்துக் கொடுத்தாள். கொழுந்தன் மாட்டி ஒரு பலகையை உள்ளே விட்டான். மறுபக்கம் வந்த பலகையை மேனேஜர் தன் கையாலேயே தடவினார். இரண்டு முறை தடவினார்.

"இருக்கட்டும்," என்றார். "அறை அப்படியே இருக்கட்டும். புது பிளேடும் இருக்கட்டும், சாணையும் இருக்கட்டும். நான் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்."

கொழுந்தன் விசிலடித்தான். ரேடியோ சாணையக்காவைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள், உடம்பெல்லாம் மரத்தூள். அவளுக்குத் தலை சுற்றியது ரேடியோவால் மட்டும் இல்லை. ஸ்டூல், ஜன்னல், சொட்டுகிற தண்ணீர் எல்லாம் அவளுடையதாகவே இருக்கப்போகிறது. அவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள்.

பக்கத்தில் ஓரகத்தி வந்து நின்றாள். முதுகைக் காட்டவில்லை.

"வீட்டுக் கத்தி மழுங்கிக் கெடக்கு," என்றாள். "ரெண்டு வருஷமா தக்காளியக் கையால பிச்சுப் போடுறேன்."

"வேற கடையில குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தேன். அது கூரா? தூ."

சாணையக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எடுத்துட்டு வா. பாதிக் கூர் வச்சுத் தர்றேன்."

"முழுசாவே வை. நான் பாத்து அரிஞ்சுக்கிறேன்."

மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் வேலைக்கு உட்கார்ந்தார்கள். இரண்டாவது அடுக்கு அப்படியே மெருகுக்குப் போய்விட்டது. முதல் அடுக்கு நூற்றிருபது பலகையும் கோட்டை அழிக்க வேண்டும். மறுநாள் வண்டி ஏற்ற வேண்டிய சரக்கு.

"சார், கோடு விழுந்த பலகைக்குத் தேய்ப்புக் கூலி ஒண்ணரை மடங்கு. கூலி நோட்டுல போட்டுருங்க," என்றாள் ரேடியோ, உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டே.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து காலையில் எழுதிய காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "கோடு, பிசிறு எதுவும் இல்லைன்னு பதினோரு பேர் கையெழுத்து இருக்கு. இத ஃபைல்ல வைக்கணும். இதயும் வச்சுட்டு கோட்டுக் கூலியும் நான் எப்படிப் போட முடியும்? முதலாளி என்னைக் கேப்பார்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "இவங்க ஒருத்தங்க போடல," என்று ஓரகத்தியைக் காட்டினார். "இவங்க பங்குக்கு மட்டும் போட்டுரலாம்."

"அப்ப என் பங்க தனியா வைங்க," என்றாள் ஓரகத்தி. "அந்தக் காசுல எல்லாருக்கும் டீ வாங்கித் தர்றேன்."

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. சாணையக்கா தன் அறையைப் பூட்டிவிட்டு வந்து, ஓரகத்திக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். தேய்ப்புக் கூலிக்கு அவள் பெயர் எந்த நோட்டிலும் கிடையாது. பதின்மூன்று கைகள், காலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்த கோட்டைத் தேய்க்கத் தொடங்கின. யாரோ கொழுந்தன் கண்ணாடியில் முட்டியதை நடித்துக் காட்டினார்கள். தூள் பறந்தது. டீ வந்தது, ஒரு கையில் டம்ளரும் மறு கையில் உப்புத்தாளுமாகக் குடித்தார்கள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தபோது பாதி அடுக்குத்தான் முடிந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். ரேடியோ முடித்து வைத்த பலகை ஒன்றை எடுத்தார், டேப்பை எடுக்கவில்லை. கைக் கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டு, உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நடுவிரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க இன்னும் கோடு தெரியுது," என்று சொல்லி, அந்தப் பலகையைத் திரும்ப ரேடியோவின் மடியில் வைத்தார்.